சட்டசபையின் நேரமும் நோயாளியின் நேரமும்

சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் இருப்புப்பாதை, அரக்கோணத்தைக் கடந்து, திருத்தணி, புத்தூர் வழியாக ரேணிகுண்டாவை அடைகிறது. பிழைப்பை நாடி வடக்கே சென்ற தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பழகிய வழி. திருத்தணி மலை கண்ணில் பட்டதும் நாம் கைகூப்புகிறோம். சற்று நேரத்தில் புத்தூர் வந்துவிடுகிறது. அங்கே இறங்குவோரைச் சிறிது கூர்ந்து நோக்கினால், கையைத் துணியில் தொங்கவிட்டவரையும், உறவினர் தோளைப் பற்றி ஒற்றைக் காலில் நடப்பவரையும் அவர்களிடையே காணலாம். இவர்கள் "புத்தூர்க் கட்டு" போட்டுக்கொள்ள வந்தவர்கள்.

புத்தூரை அடுத்த ராச்சபாளையத்தில் ராஜு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக எலும்பு முறிவுக்கு வைத்தியம் செய்து வருகின்றனர். பச்சிலைச் சாந்து, முட்டையின் வெண்கரு, துணி, மூங்கில் பத்தை ஆகியவையே அவர்களுடைய சாதனங்கள். முறிந்த எலும்பைக் கையால் தடவி நேராக்கி, மருந்திட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகின்றனர். தமிழ்நாட்டுப் பட்டணங்களில் "புத்தூர்க் கட்டு" என்னும் பலகையைக் காணாதவர் அரியர். இவ்வைத்தியத்திற்கு எல்லை உண்டு என்பதையும் நாம் மறைத்தல் கூடாது. எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த காயத்திற்கும், மூட்டினுள் நேர்ந்த முறிவிற்கும் அறுவை மருத்துவரையே நாட வேண்டும். கட்டு இறுகி இரத்த ஓட்டம் தடைப்படின் கையையோ காலையோ இழக்கவும் நேரிடும் என மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். அவ்வாறிருந்தும் ஏழை மக்கள் இங்கு வருவானேன்? செலவு குறைவு, கத்தி வைப்பார்களோ என்ற அச்சம் இல்லை, எல்லாவற்றிற்கும் மேலாக, தம் ஊருக்கு அருகே நம்பிச் செல்லத்தக்க எலும்பு மருத்துவமனை பலருக்கு இருந்ததில்லை. அரசாங்கம் விட்டுவைத்த வெற்றிடத்தை ஒரு சிற்றூர் தன்னாலியன்ற மட்டும் நிரப்பியது என்பதே புத்தூரின் கதை.

புத்தூர் என்றும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனை ஆள்வோர் அமரும் இடந்தான் மாறிக்கொண்டே வந்தது. 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் ஜில்லா அமைந்தபோது புத்தூர் அதனுள் அடங்கிற்று, தலைநகரம் சென்னை. 1953 அக்டோபரில் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. தலைநகரம் கர்நூல் ஆயிற்று. 1956-இல் ஆந்திரப் பிரதேசம் அமைந்ததும் ஐதராபாத் தலைநகரமாயிற்று. 2014-இல் தெலுங்கானா பிரிந்தபின் ஆட்சிப்பீடம் அமராவதிக்குச் சென்றது. 2022-இல் ஜில்லாக்களைப் பிரித்தமைத்தபோது புத்தூர் திருப்பதி ஜில்லாவிற்குரியதாயிற்று. இவற்றிற்கிடையே, 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. புத்தூர் நகரமோ ஆந்திரத்திலேயே நின்றது.

அந்த எல்லைப் பூசலை அற்பமென்று நாம் கருதவில்லை. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், குழந்தை எம்மொழியில் படிப்பது, வழக்காடுவோன் எம்மொழியில் முறையிடுவது என்பன போன்ற மெய்யான கேள்விகளிலிருந்து எழுந்தது. நாம் கேட்பது வேறு. எல்லை தீர்ந்த பின்னர் அதன் இருபுறத்தும் நோயாளி பெற்றது யாது? அவன் பொருட்டுச் சட்டசபைகள் தம் நேரத்தை எவ்வாறு செலவிட்டன? இதற்கு விடை காண நூறாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1920-இன் தேர்தலுக்குப்பின் சென்னை மாகாணத்தில் இரட்டை ஆட்சி நடைபெற்றது. சுகாதாரமும் மருத்துவமும் மக்கள் பிரதிநிதிகளான மந்திரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. பணப்பெட்டியின் சாவியோ கவர்னரின் நிர்வாக சபையிடமே இருந்தது. பொறுப்பு ஒருவரிடம், பொருள் மற்றொருவரிடம் என்றிருந்த அந்நாளில், முதல் மந்திரியாக 1921 முதல் 1926 வரை விளங்கியவர் பனகல் அரசர். அவர் பிறந்த காளத்தி, புத்தூருக்குத் தொலைவானதன்று. நாட்டு வைத்தியத்தை அரசாங்கம் எவ்வாறு நடத்துவது என்று ஆராய 1921-இல் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைந்து 1923-இல் அறிக்கை தந்தது. அதன் பயனாகச் சென்னையில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்றையும் கற்பிக்கும் இந்திய வைத்தியப் பள்ளி தோன்றிற்று. 1924-இல் கிராம மருத்துவர் உதவித்தொகைத் திட்டம் வந்தது. கிராமத்தில் குடியேறி ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்ய இசையும் மருத்துவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுப்பதே அத்திட்டம். பெரிய கட்டிடம் இல்லை, பெரிய பெயர் இல்லை. மருத்துவரைக் கிராமத்தில் நிற்கச் செய்யும் வழி ஒன்று மட்டுமே அதில் இருந்தது.

1937-இல் மாகாணச் சுயாட்சி வந்ததும் பணப்பெட்டியின் சாவியும் மக்கள் மந்திரிகளின் கைக்கு வந்தது. இராஜாஜியின் மந்திரி சபையில் சுகாதாரப் பொறுப்பை ஏற்றவர் ஸ்ரீரங்கத்து மருத்துவர் டி. எஸ். எஸ். ராஜன். அவர் காலத்தில் நிறைவேறியது 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். இந்திய மாகாணங்களில் இத்துணை விரிவான சுகாதாரச் சட்டம் அதற்குமுன் இருந்ததில்லை. குடிநீர், சாக்கடை, கொசு ஒழிப்பு, தொற்றுநோய் அறிவிப்பு, தாய்சேய் நலம், உணவுப் பொருள் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற்றன. திருவிழாக் கூட்டங்களில் காலரா பரவாமல் காப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் அமைந்தது. திருப்பதிக்கும் திருத்தணிக்கும் மக்கள் வெள்ளம் திரளும் இந்நாட்டில் அதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

அச்சட்டத்தின் உயிர்நாடி வேறோர் இடத்தில் இருந்தது. நகரசபைகள் தம் வருமானத்தில் நூற்றுக்கு 30 பங்கும், ஜில்லா போர்டுகள் நூற்றுக்கு 12½ பங்கும் சுகாதாரத்திற்கென ஒதுக்க வேண்டும் என்று அது விதித்தது. கடமையைச் சொன்ன அதே ஏட்டில் பணத்தையும் சொன்னது. நல்ல சட்டத்திற்கு இலக்கணம் கேட்பாருக்கு இதனையே எடுத்துக்காட்டலாம். 1953-இல் மாநிலம் பிரிந்தபோதும் இச்சட்டம் பிரியவில்லை. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் வெவ்வேறு பெயருடன் அதுவே தொடர்ந்தது. எல்லைக்கு இருபுறமும் உள்ள நோயாளிக்குப் பொதுவாகக் கிடைத்த சொத்து என்று அதனைச் சொல்லலாம்.

அடுத்து வந்தது போர்க் குழு. 1943-இல் அமைந்து 1946-இல் அறிக்கை அளித்த அக்குழுவில் நம் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் ஓர் அங்கத்தினர். நோயாளியின் பண வசதி குறைவு என்ற காரணத்தால் எவர்க்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்பது அக்குழுவின் அடிப்படைக் கொள்கை. உடனடித் திட்டமாக 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டுமென்றும், அரசாங்கங்கள் தம் செலவில் நூற்றுக்கு 15 பங்கேனும் சுகாதாரத்திற்கு ஒதுக்க வேண்டுமென்றும் அது கூறிற்று. அதே 1946-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு தேசிய சுகாதாரச் சேவைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1948 ஜூலை 5-இல் சேவை நடைமுறைக்கு வந்துவிட்டது. போரினால் நொந்து, உணவுக்கும் பங்கீட்டு அட்டை வைத்திருந்த நாடு அது. செல்வம் பெருகிய பின்னரே சுகாதாரம் என்று அந்நாடு காத்திருக்கவில்லை. நம் நாட்டிலோ, 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்துடன் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றலாயினவெனினும், நூற்றுக்கு 15 என்ற குறிக்கோள் ஏட்டளவிலேயே தங்கிற்று.

இவ்வாறு தொடங்கிய சட்டசபைகள் பிற்காலத்தில் எவற்றில் தம் நாட்களைப் போக்கின? சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்து வரலாற்றுப் பேராசிரியராயிருந்த பார்க்கின்சன், 1957-இல் வெளியிட்ட நூலில் நகைச்சுவையாக ஒரு கூட்டத்தை வருணிக்கிறார். அணு உலை அமைக்கும் பெருஞ்செலவு அக்கூட்டத்தில் சில நிமிடங்களில் நிறைவேறிவிடுகிறது. மிதிவண்டிக் கொட்டகை அமைக்கும் சிறு செலவைப் பற்றியோ நெடுநேரம் வாதம் நடக்கிறது. அணு உலை பலர்க்கும் விளங்காதது. கொட்டகையைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் எவருமிலர். நம் சட்டசபைகளில் மிதிவண்டிக் கொட்டகையின் இடத்தைப் பிடித்தவை பெயரும் மேலவையும் ஆகும்.

மேலவையின் கதையை முதலில் காண்போம். ஆந்திரத்தில் மேலவை 1958-இல் தோன்றி, 1985-இல் ஒழிக்கப்பட்டு, 2007-இல் மீண்டும் உயிர்பெற்றது. 2020 ஜனவரியில் அதனை மறுபடியும் ஒழிக்கச் சட்டசபை தீர்மானம் இயற்றிற்று. 2021 நவம்பரில் அத்தீர்மானத்தைத் தானே திரும்பப் பெற்றது. தலைநகரை மூன்றாகப் பகுக்கும் சட்டத்திற்கும் இவ்வாறே நேர்ந்தது. 2020-இல் வந்தது, 2021 நவம்பரில் நீங்கிற்று. தமிழ்நாடு இதனைப் பார்த்து நகைக்க இடமில்லை. இங்கே 1986-இல் மேலவை ஒழிந்தது. 1989-இல் வேண்டும் என்று தீர்மானம், 1991-இல் வேண்டா என்று தீர்மானம், 1996-இல் வேண்டும், 2001-இல் வேண்டா, 2010-இல் வேண்டும், 2011-இல் வேண்டா. ஆட்சி மாறும்போதெல்லாம் தீர்மானமும் மாறிற்று. கால் நூற்றாண்டில் நாம் கண்ட பலன், தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்ந்ததுதான்.

ஆந்திர மேலவையை ஒழிப்பதற்கும் ஒழிப்பை ஒழிப்பதற்கும் இடைப்பட்ட இருபத்திரண்டு மாதங்களை நாம் எளிதில் மறக்க இயலாது. அது கொரோனா நோய் நாட்டைச் சூறையாடிய காலம். 2021 மே 10-ஆம் நாள் இரவு திருப்பதி ருயா அரசாங்க மருத்துவமனையில், பிராணவாயு ஏற்றிவந்த வண்டி தாமதித்ததால் குழாயில் அழுத்தம் சில நிமிடங்கள் குறைந்தது. அந்தச் சில நிமிடங்களில் 11 நோயாளிகள் உயிரிழந்தனர் என்று அதிகாரிகள் அறிவித்தனர். புத்தூர் மக்கள் பெருநோய் கண்டால் நாடிச் செல்லும் அரசாங்க மருத்துவமனை அதுவே. மேலவை பற்றிய வாதமே அவ்விழப்பிற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை, அது நேர்மையாகாது. சட்டசபைக்கு ஒரு தீர்மானத்தைச் செய்துகொள்ளவும் அழித்துக்கொள்ளவும் இருபத்திரண்டு மாதங்கள் இருந்தன; நோயாளிக்கு இருந்தவை சில நிமிடங்களே. இவ்விரு கடிகாரங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும் என்பதே நம் கருத்து.

பெயரின் கதை இதனினும் வியப்பானது. ஆந்திரத்தின் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் விஜயவாடாவில் 1986-இல் நிறுவப்பட்டது. மருத்துவக் கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் அமைத்தது முன்னோடியான செயல் என்பதில் ஐயமில்லை. அதனை நிறுவிய முதல்மந்திரி என். டி. ராமராவ் 1996-இல் மறைந்தார். 1998-இல் அவர் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 2022 செப்டம்பரில் அப்பெயரை நீக்கி, மறைந்த முதல்மந்திரி ஒய். எஸ். ராஜசேகர ரெட்டியின் பெயரைச் சூட்டும் மசோதா சட்டசபையில் நிறைவேறிற்று. 2024-இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டு ஜூலையில் பழைய பெயரை மீட்கும் மசோதா நிறைவேறிற்று. ஒருவர் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். மற்றவர் 2007-இல் ஏழைகளின் சிகிச்சைக்கு ஆரோக்கியஸ்ரீ திட்டத்தைத் தொடங்கியவர். இருவருக்கும் நன்றி பாராட்டுவது தக்கதே. ஆயினும் இரண்டு மசோதாக்களும் சேர்ந்து ஒரு படுக்கையையேனும் கூட்டினவா? ஒரு செவிலியரையேனும் நியமித்தனவா? பெயர்ப்பலகை எழுதுவோனுக்கு இருமுறை வேலை கிடைத்ததுதான் கண்ட பயன்.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். பெயர் மாற்றிய அதே ஆட்சிக்காலத்தில், 2023 செப்டம்பரில், ஆந்திரத்தில் 5 புதிய அரசாங்க மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மேலவைக்காக வாதாடிய தமிழ்நாட்டிலேயே, மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசாங்க மருத்துவமனைகளுக்கு வழங்கும் மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் அமைந்து, பிற மாநிலங்கள் பின்பற்றும் முன்மாதிரியாயிற்று. அரசாங்கங்கள் சுகாதாரத்தை அடியோடு மறந்தன என்பார் கூற்று உண்மையன்று. ஆயின் இந்நற்பணிகளுள் பல, சட்டசபையின் விவாதத்தில் பிறவாமல் அரசாணையில் பிறந்தவை. ஆரோக்கியஸ்ரீயும் அவ்வாறே, 2009-இல் தமிழ்நாட்டில் வந்த காப்பீட்டுத் திட்டமும் அவ்வாறே. அரசாணையால் பெற்றதை அரசாணையாலே இழக்கவும் கூடும். சட்டம் தரும் உரிமைபோல் அதனைக் குடிமகன் ஊன்றிக் கேட்க இயலாது.

சட்டம் வந்த இடத்திலும் வேலை முடிந்துவிடுவதில்லை. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997-இல் ஒரு சட்டம் செய்தது. அதனை நடைமுறைப்படுத்தும் விதிகள் வெளிவந்தது 2018-இல். இருபத்தோராண்டுக் காலம் அச்சட்டம், பூட்டு உண்டு, சாவி இல்லை என்ற நிலையில் கிடந்தது. ஆந்திரமும் 2002-இல் இத்தகைய சட்டம் செய்தது. அதன் விதிகளுக்கு ஐந்தாண்டு காத்திருக்க நேர்ந்தது. நோயாளி மருத்துவமனையின் வாயிலில் நின்று, இங்கே தகுதியான மருத்துவர் உண்டா, கட்டணம் எவ்வளவு என்று கேட்கும் எளிய கேள்விகளுக்குரிய சட்டங்கள் இவை. புத்தூர்க் கட்டு வைத்தியர் போன்ற பரம்பரை வைத்தியரை எங்கே ஏற்பது, எங்கே தடுப்பது, எவ்வாறு பயிற்றுவது என்ற கேள்வியோ, 1921-இல் உஸ்மான் குழுவின்முன் நின்ற வினாவின் தொடர்ச்சியாக இன்னமும் முழுவிடை பெறாமல் நிற்கிறது.

இவ்வேறுபாட்டின் காரணம் அறிதற்கரியதன்று. பெயர் மாற்றும் மசோதாவிற்குப் பெரும்பணம் வேண்டா, விதிகள் வேண்டா, எதிர்த்து நிற்கும் வணிகர் இலர். காலையில் கொணர்ந்து மாலையில் நிறைவேற்றலாம். மறுநாள் பத்திரிகையில் படத்துடன் வரும். சுகாதார மசோதாவோ வரி கேட்கும், அலுவலரைக் கேட்கும், சிலருடைய ஆதாயத்தில் கை வைக்கும். அதன் பலன் பத்தாண்டு கழித்துத் தெரியும். அப்பொழுதும், வராமற்போன காலராவைப் படம் பிடிக்க இயலாது. காய்ச்சல் வராத குழந்தை, தான் ஒரு சட்டத்தால் பிழைத்ததென்று அறியாது. அதன் தாயும் அறியாள். அறியாதவர் நன்றி சொல்வதெங்ஙனம்? வாக்களிப்பதெங்ஙனம்? ஆகவே, குற்றம் முழுவதையும் அங்கத்தினர்மேல் சுமத்துவதும் பொருந்தாது. நாம் எதற்குக் கைதட்டுகிறோமோ அதனையே அவர்கள் மீண்டும் செய்கின்றனர்.

சென்னை அண்ணா சாலையில் ஓமந்தூரார் தோட்டத்துப் பெருங்கட்டிடத்தைப் பார்த்தவர் உண்டு. புதிய சட்டசபைக்கும் தலைமைச் செயலகத்திற்குமாக எழுந்து 2010-இல் திறக்கப்பட்ட அக்கட்டிடம், 2011-இல் ஆட்சி மாறியபின் கைவிடப்பட்டு, 2014-இல் பல்துறை உயர்சிகிச்சை மருத்துவமனையாயிற்று. அம்மாற்றத்திற்கு அரசியல் போட்டியே காரணம் என்பார் உண்டு. அவ்வழக்கு நமக்கு வேண்டா. சட்டம் செய்வோர் அமர்வதற்கென அமைந்த கூடத்தில் இன்று நோயாளிகள் அமர்ந்திருக்கின்றனர். திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டியது பூசலின் விளைவாக நேர்ந்தது.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதில் என்ன உண்டு? மிக உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் சென்று உழைப்போர்க்கென 1979-இல் பார்லிமெண்டு இயற்றிய சட்டம், அவர்களுக்கு இலவச மருத்துவ வசதி அளிக்கும் கடமையை ஒப்பந்தக்காரர்மேல் வைத்தது. அப்படி ஒரு சட்டம் இருந்ததையே அறியாமல் உழைத்து ஓய்ந்தவர் பலர். நமக்கு வாக்குரிமை மும்பையில் இருக்கலாம், பெங்களூரில் இருக்கலாம், ஊரிலேயே இருக்கலாம். எங்கிருப்பினும், வாக்குக் கேட்டு வருபவரிடம் நாம் கேட்கத்தக்க கேள்விகள் மூன்று. சென்ற ஐந்தாண்டில் சுகாதாரத்தைப் பற்றிச் சபையில் எத்தனை நாள் பேசினீர்? நிறைவேற்றிய சட்டத்திற்கு விதிகள் வந்தனவா? அதற்கெனப் பணம் ஒதுக்கினீரா? 1939-இன் சட்டத்தை அளந்த கோல் இதுவே; இன்றைய மசோதாக்களையும் இக்கோலால் அளக்கலாம்.

அடுத்தமுறை ஊருக்கு வரும்போது வண்டி புத்தூரில் நின்றால், சன்னல் வழியே நோக்குங்கள். கையில் மூங்கில் பத்தை கட்டிய ஒரு தொழிலாளி, வலி தெரியாதிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு மேடையில் அமர்ந்திருக்கக்கூடும். அவர் எந்த ஜில்லாவின் குடிமகன், எந்தத் தலைநகரின் ஆட்சிக்கு உட்பட்டவர், எவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் அவர் மாநிலத்தில் இருக்கிறது என்பவற்றையெல்லாம் சட்டசபைகள் செவ்வனே தீர்த்து வைத்துள்ளன. அவருடைய கையை யார் பார்ப்பது என்பதை மட்டும் அவரே தீர்த்துக்கொள்ள விட்டுவிட்டன.